கருவக்காடாகிப்போன நிலத்தை என்ன செய்யலாம்? வைகை, குண்டாறு கடைமடைக்கு நான்கு வழிகள்

ராமநாதபுரம், கமுதி, முதுகுளத்தூர், கடலாடி பக்கம் பட்டா வைத்திருப்பவர்களில் பலருக்கு இன்று ஒரே கேள்வி. பத்து, இருபது வருடம் தரிசாகக் கிடந்து சீமைக்கருவேலம் மூடிவிட்ட நிலத்தை ஜேசிபி விட்டுப் பிடுங்கி மறுபடி உழுவதா, கரிக்கு வெட்டிக்கொண்டே போவதா, நாட்டு மரம் வைப்பதா, சூரிய மின்சாரக் கம்பெனி கேட்டால் குத்தகைக்குக் கொடுத்துவிடுவதா? நான்கிலும் வருமானம் உண்டு, நான்கிலும் கை சுட்டுக்கொள்ள இடமும் உண்டு. எது சரி என்பதை மரம் தீர்மானிப்பதில்லை. தண்ணீர் போகும் பாதையில் அந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

முதலில் சூழலைப் பார்ப்போம். மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 820 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வெயில் உறிஞ்சும் அளவோ மழையைப் போல இரு மடங்குக்கு மேல். 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகையின் தண்ணீரை மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரும். குண்டாற்றுக்கு அந்த மிச்சமும் இல்லை, மழை வந்தால்தான் ஆறு. இப்படிப்பட்ட படுகையில் ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தால் அதன் கீழே பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலம் ஐந்தாறு வருடத்தில் தரிசாகும். தரிசானால் மாடு மேயும், மாடு மேய்ந்தால் நெற்று விதை சாணத்தோடு வந்து விழும். சீமைக்கருவேலம் விவசாயத்தை விரட்டியது என்று மேடையில் பேசுவது சுலபம். பெரும்பாலான இடங்களில் விவசாயம் போன பிறகுதான் அது வந்தது. இந்த வரிசையை மறந்துவிட்டு மரத்தை மட்டும் பிடுங்கினால் மறுபடி மரம்தான் வரும்.

இன்னொன்றையும் தள்ளிவிட்டு மேலே போகலாம். சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. எல்லா மரங்களையும் போல இதுவும் இலை வழியே ஈரத்தை வெளியேதான் விடுகிறது. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆழமாகவும் பக்கவாட்டிலும் வேர் ஓட்டி, மற்ற செடிகள் காய்ந்து நிற்கும் கோடையிலும் பச்சையாக நின்று மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரைச் செலவழிக்கிறது. நிழலுக்குக் கீழே புல்லை வளரவிடுவதில்லை. அதே மரம் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது, உதிர்ந்த இலையால் மண்ணின் மக்கைக் கூட்டுகிறது, களர் மண்ணின் காரத்தன்மையைக் கொஞ்சம் இறக்குகிறது. பல வருடம் கருவக்காடாக இருந்த நிலத்தில் முதல் வெள்ளாமை நன்றாக வருவதற்குக் காரணம் அதுதான். மூன்றாவது வருடமும் அப்படியே வரும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டிய மூன்று

நிலம் எந்த இடம்: கண்மாய் ஆயக்கட்டா, மானாவாரிக் கரிசலா, கடலோர உவர் நிலமா, ஓடையோரமா? தண்ணீர்: பத்து வருடத்தில் எத்தனை வருடம் மடைத் தண்ணீர் எட்டியது? பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டாலே தெரியும். மூன்றாவது உப்பு. மண் பரிசோதனை அட்டையில் இ.சி. (உப்பின் அளவு), பி.எச். (கார, அமிலத்தன்மை) என்று இருக்கும் இரண்டு எண்கள்தான் பயிரைத் தீர்மானிக்கும். மேல்மண் மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அரையடி, ஒன்றரையடி, மூன்றடி என மூன்று ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும். இந்தப் பகுதியில் உப்பு கீழே உட்கார்ந்திருந்து கோடையில் மேலே ஏறிவரும்.

எண்களைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. பயிர்களின் உப்புத் தாங்குதிறன் அட்டவணைகள் மண்ணை நீரால் நிறைத்துப் பிழிந்தெடுக்கும் சாற்றை வைத்துப் போட்டவை. நம் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு நீர் ஊற்றிக் கலக்கி அளக்கிறார்கள். அட்டையில் 1 என்று இருந்தால் அட்டவணைக் கணக்கில் அது சில மடங்கு கூடும். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்டவணைக் கணக்கில் மிளகாய்க்கு இ.சி. 1.5 டெசிசைமன்ஸ் (இ.சி.யை அளக்கும் அலகு) தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 14 சதவீதம் போகும். நெல்லுக்கு 3, சோளத்துக்கு 6.8, பருத்திக்கு 7.7. ஊர் முழுக்க முண்டு மிளகாய் போடுகிறார்கள் என்பதற்காக உவர் நிலத்தில் அதையே போட்டுவிட்டு பூச்சிமருந்துக் கடைக்கு அலைவதற்கு இந்த எண்ணைப் பார்க்காததே காரணம்.

வழி 1: தூரோடு பிடுங்கி விவசாயம்

ஆயக்கட்டு நிலத்துக்கும் இ.சி. குறைவான கரிசலுக்கும் இதுதான் முதல் தேர்வு. ஆனால் தொடர்ந்து மூன்று வருடம் விதைக்க ஆளும் பணமும் இருந்தால் மட்டும். பிடுங்கிவிட்டுச் சும்மா போடுவது நான்கு வழியிலும் இல்லாத ஐந்தாவது வழி, எல்லாவற்றையும்விட மோசமானது. மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு இருக்கும். கிளறிவிட்ட மண்ணும் வெயிலும் கிடைத்ததும் முன்பு ஏக்கருக்கு நூறு தூர் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் நாற்றாக முளைக்கும்.

பிடுங்குவதற்குத் தை, மாசி ஏற்ற காலம். மழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும்போது தூர் முழுசாகக் கிளம்பும். சித்திரை, வைகாசியில் கரிசல் கல்லாகிவிடும். அப்போது ஜேசிபி வாளி போட்டால் மரம் தரைமட்டத்தில் ஒடியும், தூர் உள்ளேயே தங்கிவிடும். மறுதுளிர் விடும் மொட்டுகள் இருப்பது தண்டும் வேரும் சேரும் அந்தத் தூரில்தான், தரைக்குக் கீழே ஒரு அடிக்குள். அதற்குக் கீழே அறுந்த ஆணிவேர் பத்தடி ஆழத்தில் கிடந்தாலும் கவலை இல்லை, அதிலிருந்து துளிர் வராது. ஆக, ஆணிவேரைத் துரத்திப் பள்ளம் தோண்டுவது வாடகை வீண். தூர் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு குழியிலும் பார்ப்பதே வேலை.

விறகை எடுத்துக்கொண்டு இலவசமாகப் பிடுங்கித் தருகிறேன் என்று வரும் வியாபாரிகள் உண்டு. விறகு நல்ல கனமாக இருந்தால் பேசலாம். அவருக்கு லாபம் கட்டையில்தான். கைக்கட்டை கனத்துக்குக் கீழே உள்ள குத்துச்செடிகளை விட்டுவிட்டுப் போவார், அவைதான் அடுத்த வருடக் காடு. பேச்சை எழுத்தில் வையுங்கள்: எல்லாத் தூரும் எடுக்க வேண்டும், குழி மூட வேண்டும், முள் முழுவதும் ஒதுக்க வேண்டும், வேலை முடிந்து நிலம் சுற்றிப் பார்த்த பிறகே கடைசி லோடு வெளியேற வேண்டும்.

பிறகு சட்டிக்கலப்பையால் ஒருமுறை, கொத்துக்கலப்பையால் குறுக்கே இன்னொருமுறை. மேலே வரும் பக்கவேரைப் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த உழவில் கலப்பைக் கொழு ஒடியும். டிராக்டர் டயரில் முள் ஏறிக் காற்றுப் போவதும் முதல் வருடம் வாடிக்கை. உழவுக்காரர் அதற்கும் சேர்த்துத்தான் வாடகை கேட்பார். ஆவணி, புரட்டாசியில் விழும் முதல் மழைக்கு விதைகள் முளைக்கும். அவசரப்பட்டு விதைக்காமல், முளைத்ததை ஒரு உழவில் மடக்கிவிட்டு அடுத்த மழைக்கு விதைத்தால் களையில் பாதி அங்கேயே போய்விடும்.

முதல் வருடம் மிளகாய் வேண்டாம். இடைவெளி விட்டு நடும் பயிர், கருவை நாற்றுக்கு வெயில் கிடைக்கும். களை எடுப்பவர்களின் கையில் முள் குத்தும், கூலிக்கு ஆள் வரமாட்டார்கள். குதிரைவாலி, சோளம் போல நெருக்கமாக மூடும் பயிர் நல்லது. மடைத்தண்ணீர் உறுதி என்றால் புழுதி விதைப்பு நெல் அதைவிட நல்லது, தேங்கி நிற்கும் தண்ணீரைச் சின்னக் கருவை நாற்று தாங்காது. நாற்று இரண்டு மாதம் ஆவதற்குள் கையால் பிடுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு மண்வெட்டி வேண்டும், ஒரு வருடம் ஆனால் மறுபடி ஜேசிபி வேண்டும். மூன்றாம் வருடத்திலிருந்து முண்டு மிளகாய்க்குப் போகலாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பயிர், விலையும் பெயரும் இருக்கிறது.

கிடை போடுவதில் கவனம் வேண்டும். நெற்று உதிரும் கோடையில் கருவக்காட்டில் மேய்ந்த மந்தையை நேராக உங்கள் நிலத்தில் அடைத்தால் எருவோடு விதையும் வாங்குகிறீர்கள். ஆடு மென்று தின்பதால் விதை ஓரளவு சிதையும். மாட்டின் வயிற்றிலிருந்து பெரும்பாலும் முழுசாக, முளைக்கத் தயாராக வெளியே வரும். ஆட்டுக்கிடை போடலாம். மாட்டுக்கிடையைக் கோடையில் தவிர்த்துவிடுங்கள்.

மானாவாரி நிலத்தில் இந்த வழி நிற்க வேண்டுமானால் ஒரு பண்ணைக்குட்டை வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மேல்வாய் 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர், ஒன்றுக்கு ஒன்று சரிவு என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 1,200 கன மீட்டர், அதாவது 12 லட்சம் லிட்டர். மார்கழியில் நிறைந்த குட்டையில் தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் மூன்று மாதத்தில் ஒன்றரையடி இறங்கும், ஏறக்குறைய 400 கன மீட்டர் வெயிலுக்குப் போகும். மிச்சம் 800. ஒரு ஏக்கருக்கு ஒருமுறை 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 200 கன மீட்டர் வேண்டும். ஆக, ஒரு ஏக்கருக்கு நான்கு தண்ணீர், அல்லது இரண்டு ஏக்கருக்கு இரண்டு. காய்ப்பில் இருக்கும் மிளகாயைத் தை, மாசி வறட்சியில் காப்பாற்ற அது போதும். ஐந்து ஏக்கருக்குக் கட்டலாம் என்று நினைத்தால் எதற்கும் போதாது. உப்புத் தண்ணீர் ஊறும் இடத்தில் ஆழமாகத் தோண்டுவதும் தப்பு. குட்டையே உவர்க்கிணறாகிவிடும்.

வழி 2: கரிக்காடாகவே வைத்து ஆளுதல்

பலர் இதை ஒரு தேர்வாகவே மதிப்பதில்லை. இ.சி. அதிகமான மேட்டு நிலம், மடை எட்டாத இடம், சொந்தக்காரர் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கும் நிலம் இவற்றுக்கு இதுவே கணக்குக்கு ஒத்துவரும். செலவு குறைவு, மழை பொய்த்தாலும் வெட்டு உண்டு. வறட்சி வருடங்களில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கூலி கொடுத்தது பெரும்பாலும் கரி மூட்டம்தான், அதாவது விறகை அடுக்கி மண் மூடி எரித்துக் கரியாக்கும் வேலை.

சும்மா விட்ட காட்டுக்கும் ஆளும் காட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சும்மா விட்டால் ஒரு தூரில் பத்துப் பதினைந்து விரல் கனக் கம்பு நிற்கும், விறகுக்காரர் பாதி விலைதான் சொல்வார். தரையிலிருந்து அரையடிக்குள், தண்ணீர் வழிகிற மாதிரிச் சாய்வாக வெட்டி, துளிர் வந்த ஆறாவது மாதத்தில் தூருக்கு மூன்று கம்பு மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட்டால் மூன்று, நான்கு வருடத்தில் கட்டை கனக்கும். நிலத்தை நான்காகப் பிரித்து வருடம் ஒரு பங்கு வெட்டினால் வருமானமும் வருடாவருடம். காற்றடிக்கும் கோடையில் நிலம் முழுவதும் மொட்டையாகவும் நிற்காது.

மண் மூட்டத்தில் நான்கு முதல் ஐந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி. பச்சை விறகை உடனே அடுக்கினால் இன்னும் குறையும், நான்கைந்து வாரம் காயவைக்க வேண்டும். மூட்டத்தின் மேல் மண் வெடித்தால் காற்றுப் புகுந்து கரி சாம்பலாகும். ராத்திரிக் காவல் எதற்கென்றால் அந்த வெடிப்பைச் சேறு பூசி அடைக்கத்தான். ஆறுவதற்குள் பிரித்தால் லோடு ஏற்றிய பிறகும் கனன்று பற்றும். விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் பயோமாஸ் மின்நிலையத்துக்குக் கொடுத்தால் மூட்டம் வேலை இல்லை, ஆனால் எடைமேடையில் ஈரத்துக்குக் கழிப்பார்கள். மூட்டம் போட ஆள் கிடைக்காத ஊருக்கு அது ஏற்கத்தக்கது.

இதில் உள்ள கடமை எல்லைதான். நெற்று காய்க்கும் காட்டை வைத்திருப்பவர் பக்கத்து வெள்ளாமைக்காரருக்கு விதை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். வரப்பிலிருந்து முப்பதடிக்குத் தூரோடு எடுத்துவிட்டு, கோடையில் நெற்றைப் பொறுக்கி இடித்துத் தீவனமாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். இடிக்கும்போது விதையும் உடைய வேண்டும், அதுதான் விஷயம். ஓடைக்கும் வரத்துக்காலுக்கும் பக்கத்தில் இந்த வழி கூடவே கூடாது. கிளைகள் குறுக்கே சாய்ந்து வண்டலைப் பிடித்து, இரண்டு மழையில் கால்வாயைத் திருப்பிவிடும்.

வழி 3: நாட்டு மரங்கள்

விவசாயம் செய்ய ஆள் இல்லை, கருவையும் வேண்டாம் என்பவர்களுக்கு. உடைமரம், நாட்டுக்கருவேலம், வேம்பு, இலந்தை, பனை ஆகியவை இந்த மண்ணில் பழகியவை. தண்ணீர் தேங்கும் இடத்துக்கு நாட்டுக்கருவேலம், மணல் கலந்த மேட்டுக்கு உடையும் பனையும், கரிசல் வரப்புக்கு வேம்பு. பதினைந்தடிக்குப் பதினைந்தடி வைத்தால் ஏக்கருக்கு 190 மரம் வரை. இரண்டடிக் குழியைப் பங்குனியிலேயே எடுத்து ஆறவிட்டு, ஐப்பசி முதல் மழைக்கு நட வேண்டும்.

இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் தோற்கிறார்கள். ஆட்டுக்கு வேலி இல்லாதது ஒன்று. மற்றது, கருவையைத் தூரோடு எடுக்காமல் நடுவில் நட்டுவிடுவது. வெட்டிய தூரின் துளிர் ஒரே வருடத்தில் ஆள் உயரம் போகும், வேம்பு அதே காலத்தில் முழங்கால் தாண்டினால் பெரிது. முதல் மூன்று கோடை உயிர்த்தண்ணீர் கொடுக்க முடியாதென்றால் பனைவிதையை மட்டும் ஊன்றுங்கள், அது தண்ணீர் கேட்காது. வருமானத்துக்குப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. பெரிய பரப்புக்கு இந்த வழியைச் சொல்ல மாட்டோம். இரண்டு ஏக்கர் வரப்போரமும் ஓடைக்கரையும் இதற்குச் சரியான அளவு.

வழி 4: சூரிய மின்சாரத்துக்குக் குத்தகை

கமுதி அருகே 2016-இல் முடிந்த 648 மெகாவாட் நிலையம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் நிற்கிறது. மெகாவாட்டுக்குச் சுமார் நான்கு ஏக்கர். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தரகர் நடமாட்டம் கூடிவிட்டது. மழையை நம்பாத வருமானம், அதில் சந்தேகமில்லை. உவர் ஏறிய, மடை எட்டாத நிலத்துக்கு மறுக்கவும் வேண்டியதில்லை.

படுகைக்கு என்ன ஆகும் என்பதைத்தான் குத்தகைப் பத்திரத்தில் எழுத வேண்டும். பல நூறு ஏக்கரைச் சமப்படுத்தும்போது வரைபடத்தில் கோடாகக்கூட இல்லாத சிற்றோடைகள் மறையும். அந்த ஓடைகளின் தண்ணீரால் நிறைந்த கீழ்க்கண்மாய் அடுத்த வருடம் பாதிகூட நிறையாது. அல்லது ஒரே மழையில் எல்லாத் தண்ணீரும் ஒரு பக்கமாக வந்து கரையை உடைக்கும். ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எதையும் மூடக்கூடாது, மேல்மண்ணை வெளியே அள்ளக்கூடாது, தகடு கழுவ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு, தகடுகளுக்கு நடுவே ஆடு மேயலாமா, காலம் முடிந்தால் கான்கிரீட் அடித்தளத்தை யார் பிடுங்குவது: இந்த ஐந்துக்கும் பத்திரத்தில் வரி இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை இருபத்தைந்து வருடத்துக்குக் கட்டிப்போடாதீர்கள். மேய்ச்சலுக்கு அந்தத் தரிசை நம்பியிருந்த, ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகளுக்கு இந்தக் கணக்கில் ஒரு பைசாவும் வராது என்பதும் தெரிந்தே செய்ய வேண்டியது.

பட்டா அல்லாத இடம்: கண்மாயும் கரையும்

2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 13 மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதும் எல்லா ஊரிலும் வண்டி இறங்கியது. சில மாதத்தில் இன்னொரு அமர்வு இடைக்காலத் தடை போட்டது. 2022-இல் அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கு அரசு தனிக் கொள்கை வெளியிட்டது, அகற்றிய இடத்தில் நாட்டுத் தாவரங்களை மீட்பதையும் சேர்த்து. முதலில் பிடுங்குவோம், பிறகு பார்ப்போம் என்ற முறை பலிக்காது என்று ஊர்களும் அதற்குள் தெரிந்துகொண்டுவிட்டன.

கண்மாய்க்குள் இடத்துக்கு இடம் முறை மாறும். வரத்துக்காலிலும் மடைவாயிலும் தூரோடு எடுக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. கரையில் பிடுங்கவே கூடாது. பெரிய தூரை இழுத்தால் கரைக்குள் ஒரு குகை விடும், மேலே மண் போட்டு மூடினாலும் வேர் போன துளை வழியே தண்ணீர் கசிந்து ஐப்பசியில் உடைப்பு எடுக்கும். கரை மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்து, மாதம் ஒருமுறை துளிரைக் கிள்ளி இரண்டு கோடையில் பட்டுப்போக வைப்பதுதான் வழி. கூலி அதிகம், ஆனால் உடைப்பு அடைப்பதைவிடக் குறைவு.

உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியில், பறவை அடையும் கண்மாய்கள் தனி. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே நாரையும் கொக்கும் கூடு கட்டுவது நாட்டுக்கருவேலத்திலும் இதே சீமைக்கருவேலத்திலும்தான். சரணாலயமாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கிளை வெட்ட முடியாது. சரணாலயம் அல்லாத, ஆனால் பறவை வரும் கண்மாயில் முதலில் நாட்டுக்கருவேலத்தை நட்டு, அது கூடு தாங்கும் உயரம் வந்த பிறகு பகுதி பகுதியாக மற்றதை எடுக்கலாம். வெட்டும் வேலையும் கூடு காலியான கோடையில்தான்.

ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத்துறை வசம், குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் வசம். மர ஏலம் அவர்கள் விடுவது. ஏல நிபந்தனையில் வழக்கமாக “மரங்களை வெட்டி அகற்ற” என்றுதான் இருக்கும், அப்படி எழுதினால் தூர் கண்மாயிலேயே தங்கும். வரத்துக்காலுக்குத் தூரோடு, கரைக்குத் தரைமட்டத்தில், உள்வாயில் பறவைத் திட்டு நீக்கி என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லி, ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே கிராமசபையில் தீர்மானம் போட்டுக் கொடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு எடுத்தவருடன் சண்டைதான் போட முடியும்.